நிற்கிற ஆழம்

கொடைக்கானல் மலையில், செண்பகனூர்ச் சரிவில் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. மிஷன்காரர்கள் கட்டியது. அந்த வீட்டுக்குக் கடல் பங்களா என்று பேர் விழுந்ததற்குப் பரமானந்தம் சார்தான் காரணம். மலை உச்சியில் கடலுக்கு என்ன பங்களா என்று வெளியூர்க்காரன் கேட்டுச் சிரிப்பான். உள்ளூர்க்காரன் மட்டும் என்ன, சிரித்துக்கொண்டுதானே அந்தப் பேரையே வைத்தான்.

சாருக்குக் கடற்கரைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கடலுக்கு அடியில் தரை எப்படி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் படமாக வரைவது அவர் சோலி. அங்கே ஏசி வாரத்துக்கு ஒருதரம் படுத்துக்கொண்டது. கம்ப்யூட்டரும் கூடவே படுத்துக்கொண்டது. மேலதிகாரி ரொம்ப யோசித்து, குளிர்ச்சியான ஊருக்கே கொண்டு போய்விடும் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, ஜீப்பில், கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருகிற மாதிரி மெல்ல மெல்ல மலையேற்றினார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, வெயிலுக்குப் பயந்து வந்த இயந்திரம் மேகத்திடம் மாட்டிக்கொண்டது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காகிதம் துவண்டுபோகும். எண்களைச் சேர்த்து வைக்கிற பிளாப்பித் தட்டுகளில் பூஞ்சை பூக்கும். அதற்காக பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைப் பகலிலும் எரியவிட்டார்கள். கொடைக்கானலில் மனுசர் குளிரில் நடுங்க, பீரோ மட்டும் கதகதப்பாக இருந்தது.

கித்தேரியம்மாள் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருந்தாள். இங்கே அவள் தட்ட வேண்டியது எழுத்து இல்லை, எண்கள். படகிலிருந்து சத்தத்தைக் கடலுக்குள் அனுப்புவார்கள். அது தரையில் மோதித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை வைத்து ஆழம் தெரியும். ஒரு முள் அந்த ஆழத்தைக் காகிதச் சுருளில் கருக்கிக்கொண்டே போகும். பார்த்தால் பெருமாள்மலையைத் தூரத்திலிருந்து பென்சிலால் வரைந்தது போல இருக்கும். அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து அளந்து, இன்ன இடம், இன்ன ஆழம் என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கரண்டு போனால் தட்டியதெல்லாம் போச்சு. அதனால் வானம் இருட்டினாலே அவள் வேகவேகமாகத் தட்டுவாள்.

தட்டி முடித்தால் கம்ப்யூட்டர் ஒரே ஆழம் உள்ள இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைக்கும். பச்சைக் கோடுகள் திரையில் ஒன்றையொன்று சுற்றி வளையும். முதல் தரம் பார்த்தபோது சார் விளக்க வாயெடுப்பதற்குள், "பூண்டியில பூண்டு போடுற படிக்காடு மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாள். சார் அன்று சந்தோஷப்பட்டு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒன்று. கித்தேரி கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவள் போன தூரம் மதுரை, அதுவும் டைப்பிங் பரீட்சைக்கு.

அவள் புருஷன் குழந்தைவேல் கடலைத் தாண்டியவன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தைந்தில் அப்பாவோடு கப்பலேறி வந்தவன். குடியுரிமை பிரித்துக் கொடுத்தபோது அப்பாவுக்கும் மகனுக்கும் இந்தியா விழுந்தது. கல்யாணமாகியிருந்த அக்கா இராசாத்திக்கு இலங்கை விழுந்தது. தோட்டத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரே வீட்டில், ஒரே சட்டியில் தின்ற பிள்ளைகளைக் காகிதம் இரண்டாக்கிவிட்டது. அம்மா இல்லாத அவனை, தன் நொண்டிக் காலோடு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. வந்த இடத்தில் அப்பா குளிர் தாங்காமல் போய்ச் சேர்ந்தார். இவன் பூண்டி லாரியில் மூட்டை ஏற்றி இறக்கி, ஓடைத் தண்ணீரில் காரட் கழுவி, பள்ளிக்கூட ஹாஸ்டலுக்குக் காய்கறி போட வந்த இடத்தில் கித்தேரியைப் பார்த்தான். கணக்குக்கு மேல் ஒரு கட்டுக் காரட்டை ஆபீஸ் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போவான். அந்த மறதி முற்றிக் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணத்துக்காக மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து அவனுக்குச் சூசை என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரில் அவனை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

எண்பத்து மூன்றில் இலங்கையில் கலவரம் நடந்த பிறகு குழந்தைவேல் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது எழுந்து ரேடியோவைத் திருகுவான். ரேடியோ பேசும்போது எழுந்து வாசலுக்குப் போவான். அக்கா புருஷனை வெட்டிவிட்டார்கள் என்று மட்டும் சேதி வந்தது. அதன் பிறகு அக்கா இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். குழந்தைவேல் அப்போதுதான் காரட் கழுவிவிட்டு வந்து, வெளுத்துச் சுருங்கிப்போன பாதங்களை அடுப்போரம் நீட்டிக்கொண்டிருந்தான். கித்தேரி பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் முகாம் கம்பளியைத் தலையோடு போர்த்தி ஓர் ஆள் நின்றான். மாயாண்டி. இலங்கையில் குழந்தைவேலோடு ஒரே தோட்டத்தில் இருந்தவன், அந்த வருஷம் பங்குனியில் படகில் தப்பி வந்து மண்டபம் முகாமில் இருப்பவன்.

"என்னாப்பா குளிரு இது! நம்ம தோட்டத்துல கூட இப்படிக் குளிராதே. தேத்தண்ணி இருக்கா தங்கச்சி?"

"இருங்கண்ணே, இந்தா கொதிக்குது."

"கொழந்த, நான் ஒன் அக்காவைப் பத்திக் கதைக்கத்தான் வந்தேன்."

குழந்தைவேல் எழுந்துவிட்டான். 

"உசுரோட இருக்கு. பதறாத, உக்காரு. மன்னார்ப் பக்கம் ஒரு கோயிலுக்குப் பின்னால கொட்டாய் போட்டுக் கெடக்குறாங்க. அந்த நொண்டிக் காலை வச்சுக்கிட்டு எப்படித்தான் வந்து சேந்துச்சோ. அது மக சுந்தரிப் புள்ளையும் கூட இருக்கு."

"அப்ப ஏறி வர வேண்டியதுதானே! ஊரே படகேறி வருதே!"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அது ஏறமாட்டேங்குது. தண்ணியப் பாத்தாலே கை காலெல்லாம் வெலவெலன்னு வருதாம். ஏத்தி விடுற ஆளு ஒருத்தன் இங்கிட்டும் அங்கிட்டும் வந்து போறான், அவன்கிட்ட சேதி சொல்லி விட்டிருக்கு. 'தம்பியைக் கேட்டு வா. தம்பி வரச்சொன்னா வாறேன், வேணாம்னா இங்கனயே கெடக்கேன்'னு. கூட நம்ம மூக்கம்மா இருக்கா. ரெண்டு ஆம்பளப் புள்ளைகளோட. இராசாத்தி ஏறினாத்தான் நானும் ஏறுவேன்னு அவ ஒரு பிடியா நிக்கிறா."

"எந்த மூக்கம்மா? கடைசி வீட்டு மூக்கம்மாவா?"

"அவளேதான். ஒனக்கு ரொட்டி சுட்டுக் குடுப்பாளே, தேங்காப்பூ போட்டு."

 வெளியே மழை தகரத்தில் அடிக்க, குழந்தைவேல் சத்தமாகக் கேட்டான்.

"ஏத்தி விடுற அந்த ஆளு மறுபடி எப்பப் போறான்?"

"நாளன்னைக்கு. அதுக்குள்ள நான் போய்ப் பதில் சொல்லணும். காலம்பற மொத பஸ்ஸுக்கு இறங்கிருவேன்."

"நீங்க வந்தப்ப எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கித்தேரி கேட்டாள்.

"நான் வந்தது பங்குனியில தங்கச்சி. கடலு தூங்குச்சு. தொட்டில்ல ஆடுற மாதிரி வந்து இறங்கிட்டேன். ஆனா எல்லாருக்கும் அப்படியான்னு சொல்ல முடியாதே. போன மாசம் ஒரு படகு வரவே இல்லன்னு முகாம்ல பேசிக்கிட்டாங்க."

"வரச்சொல்லி நடுக்கடல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா?" குழந்தைவேல் அறைக்குள் நடந்தான். இரண்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும் அறை அது. "வேணாம்னு சொல்லி, அங்க அதையும் புள்ளையையும் வெட்டிப் போட்டான்னா? என்னைய எங்கப்பா எதுக்குய்யா இங்க கூட்டியாந்தாரு? மாயாண்டி, நீ என்ன சொல்ற?"

"நான் என்னாத்தச் சொல்ல? அது ஒன்னையத்தானே கேட்டு விட்டிருக்கு."

அப்போதுதான் குழந்தைவேல் மனைவி பக்கம் திரும்பினான். "ஏ புள்ள, நீ அந்தக் கடலத்தானே ஒன்றரை வருசமாத் தட்டிக்கிட்டுக் கெடக்க? அது எம்புட்டு ஆழம்னு பாத்துச் சொல்ல முடியாதா?"

மாயாண்டி கித்தேரியை ஒரு புது மரியாதையோடு பார்த்தான். அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ நிமிர்ந்தது. அதைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாகத் தட்டிய எண்கள் ஒரு உயிருக்கு ஆகும் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.

"பாத்துச் சொல்றேன். அண்ணே, நீங்க வெள்ளனே போகாதீக. மத்தியான பஸ்ஸுக்குப் போங்க. அதுக்குள்ள நான் வந்துருவேன்" என்றாள்.

மறுநாள் கடல் பங்களாவில் சார் இல்லை. பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க மதுரைக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். கித்தேரி பீரோவைத் திறந்து, பல்புச் சூட்டில் இருந்த பிளாப்பியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டாள். மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே உள்ள துண்டு. போன சித்திரையில் அவளே தட்டியது. கரண்டு போய்விடாதே மாதாவே என்று வேண்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன.

அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மூன்று மீட்டர். இரண்டு. இரண்டரை. மணல் திட்டுகள் இருக்கிற இடத்தில் ஒன்று, சில இடத்தில் அதுவும் இல்லை. தெற்கே போகப்போகத்தான் ஆயிரம் என்றும் அதற்கு மேலும் எண்கள் கூடின. இந்தத் துண்டில் மட்டும் கடல் ஒரு கிணற்று ஆழம்கூட இல்லை. சீசனுக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு படகு விடுகிற கொடைக்கானல் ஏரியே நடுவில் இதைப் போல மூன்று மடங்கு ஆழம் என்று படகுக் குழாம்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

மலையில் பிறந்தவர்களுக்குச் சாவு என்றால் அது பள்ளத்தில்தான் இருக்கும். லாரி உருண்டாலும் மாடு தவறினாலும் எவ்வளவு ஆழம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆழம் கம்மி என்றால் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். கித்தேரியும் அப்படித்தான் கணக்குப் போட்டாள். அந்த மலையில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். பழைய ரிப்பனில் மங்கலாக ஒரு படம் அடித்து எடுத்து, மடித்து ஜாக்கெட்டுக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

குழந்தைவேலும் மாயாண்டியும் டீக்கடை ஓரத்தில் நின்றார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு படத்தைப் பிரித்தாள்.

"இந்தாங்க, இதுதான் மன்னாரு. இது நம்ம பக்கம். நடுவுல பூராவும் மேடு. ஆழமே இல்ல. நம்ம ஏரியை விடக் கம்மி."

"நெசமாவா?"

"நான் தட்டுன கணக்கு. பாதி எடத்துல நிக்கிற ஆழந்தான். இந்தத் திட்டுல எல்லாம் முழங்கால் அளவுகூட வராது. படகு கவுந்தாக்கூட எந்திரிச்சு நின்னுக்கலாம்."

குழந்தைவேல் படத்தை அல்ல, அவள் முகத்தையே பார்த்தான். அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மாயாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "வரச்சொல்லுப்பா. தம்பி வரச்சொன்னான்னு சொல்லு. நிக்கிற ஆழந்தான், பயப்படாதன்னு சொல்லு. தம்பி பொஞ்சாதி கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னான்னு சொல்லு."

"அப்படியே சொல்லி விடுறேன்" என்று மாயாண்டி பஸ் ஏறினான். குழந்தைவேல் அவன் மடியில் ஒரு பை நிறையக் காரட்டும் பூண்டும் திணித்தான்.

சாயங்காலம் சார் நனைந்து வந்து சேர்ந்தார். கித்தேரி அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லாமல் ரிப்பனைச் செலவழித்ததற்குத் திட்டுவார் என்று மட்டும்தான் பயந்தாள். சார் திட்டவில்லை. டீயைக் கீழே வைத்தார்.

"சேதி போயிருச்சா?"

"மத்தியானமே போயிருச்சு சார்."

"என்னம்மா பண்ணிட்ட."

"ஆழம் இல்லதானே சார்?"

"ஆழம் இல்லாத எடத்துலதாம்மா அலை உடையும். ஆழக்கடல்ல படகு ஏறி எறங்கும், அவ்வளவுதான். திட்டுக்குப் பக்கத்துல வந்தா தண்ணி எந்திரிச்சு நின்னு அடிக்கும். அதுவும் ஐப்பசிக் கடல்." சார் குரலை உயர்த்தவே இல்லை. "படகு தரைதட்டிரும்னு படகுக்காரன் திட்டுலயே எறக்கி விட்டுட்டு இதுதான் இந்தியான்னுட்டுப் போயிருவான். தண்ணி ஏறும். நீ அளந்த அந்தக் காகித ரோல் எல்லாம் எந்த வருஷம் எடுத்தது? எழுபத்தொம்பது. அந்த மணல் ஒவ்வொரு மழைக்கும் எடம் மாறும் கித்தேரி. மேடு இருந்த எடத்துல வாய்க்கால் ஓடும்."

"நடுவுல எல்லாம் ரெண்டு, ரெண்டரைன்னுதானே சார் கோடு போட்டுச்சு?"

"நடுவுல நாம எங்கம்மா அளந்தோம்? படகு போன தடத்துல மட்டுந்தான் நம்பர் இருக்கு. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர். அதைக் கம்ப்யூட்டர் தானா ஊகிச்சு இழுத்து விடுது. ரெண்டு பக்கமும் ரெண்டு மீட்டர்னா நடுவுலயும் ரெண்டுன்னு போட்டுரும். அங்க பள்ளம் இருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?"

இது கித்தேரிக்குத் தெரியாத விஷயம் இல்லை. தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே ஒன்றும் தட்டாமல் விட்டவளே அவள்தான். ஆனால் திரையில் கோடு இடைவெளி இல்லாமல் வழுவழுவென்று வரும்போது, தட்டாத இடம் என்று ஒன்று இருந்ததே மறந்து போகிறது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது குழந்தைவேல் கையில் இருந்த தட்டைச் சுவரில் எறிந்தான். "ஒன்றரை வருசமா அதைத்தானடி தட்டுன! இது கூடத் தெரியாதா ஒனக்கு? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே! ஒன்னைய நம்பித்தானே நான் வரச்சொன்னேன்?" அவளை அவன் 'அடி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவனே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தானே உன்னிடம் கேட்டேன் என்றான்.  

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினார்கள். வத்தலக்குண்டு, மதுரை, அங்கிருந்து ரயில். மாயாண்டியை முகாமில் கண்டுபிடித்தபோது அவன், "நேத்தே சொல்லி விட்டுட்டேனே, படகும் போயிருச்சே" என்றான். அவன் முகத்தில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி இருந்தது. குழந்தைவேல் கரையைப் பார்க்க நடந்தான். கித்தேரி பின்னால் போனாள்.

கடலைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது கோபம். இதைத்தானே ஒரு காகிதமாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். காற்று உடம்பைத் தள்ளியது. தண்ணீர் சேற்று நிறத்தில் எழுந்து எழுந்து விழுந்தது. ஆழம் என்ன என்று யார் கேட்டாலும் அது சொல்கிறதாக இல்லை. கரையோரம் ஒரு மீன்காரம்மா வலையை உதறிக்கொண்டே, "ரெண்டு நாளா எங்க ஆளுக தொழிலுக்கே போகல. யாரைத் தேடி வந்தீக?" என்று கேட்டாள்.  முகாம் வாசலிலும் கரையிலுமாக அவர்கள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. குழந்தைவேல் எதையும் வாயில் வைக்கவில்லை. அவள் வாங்கி வைத்த இட்லியில் எறும்பு ஏறியது.

பிறகு ஒரு காலையில் முகாம் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் இராசாத்தி இருந்தாள். மீன்பிடிப் படகுக்காரர்கள் திட்டிலிருந்து ஏற்றி வந்து விட்டிருந்தார்கள். உதடெல்லாம் உப்பில் வெடித்து, கால் விறகுக்கட்டையாக வீங்கி, மடியில் சுந்தரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் காலடியில் விழுந்து பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளையாக அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கித்தேரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான் கித்தேரியா? கிட்ட வா. என்னா இப்படி மெலிஞ்சு கெடக்க? இவன் சோறு போடலையா?"

"மதினி..." கித்தேரி கிட்டே போய் அவள் கையைப் பிடித்து அழுதாள்.

"அழாத. ஒன் வார்த்தைதான் என்னையக் காப்பாத்துச்சு. படகுக்காரன் எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். இந்தியான்னு சொன்னான். பாத்தா நாலு பக்கமும் தண்ணி. இடுப்புக்கு வந்துச்சு, நெஞ்சுக்கு வந்துச்சு. புள்ளையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டேன். ஒவ்வொரு அலைக்கும் 'நிக்கிற ஆழந்தான், நிக்கிற ஆழந்தான்'னு ஒன் சேதியைத்தான் சொல்லிக்கிட்டே நின்னேன். விடிஞ்சப்ப வத்திருச்சு. நீ சொல்லலைன்னா பயத்துலயே செத்திருப்பேன்."

குழந்தைவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். "மூக்கம்மாக்கா எங்கக்கா?"

"அவளா? அவ வேற கரையில ஏறியிருப்பா" என்று இராசாத்தி வெரசாகச் சொன்னாள். "தூரத்துல வெளிச்சம் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் நடந்தா. திடமான பொம்பள. இங்கிட்டு எத்தனை முகாமோ, எதுலயாச்சும் இருப்பா. வந்துருவா."

கித்தேரி தரையைப் பார்த்தபடி நின்றாள். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே, தட்டாமல் விட்ட இடத்தில் அந்த அம்மா பிள்ளைகளோடு நடந்து போவது அவள் கண்ணுக்குள் தெரிந்தது.  

முகாமில் பேர் பதிந்து, உறவுக்காரர் வீடு என்று எழுதிக் கொடுத்து, அவர்களை அழைத்துப் போக அனுமதி வாங்குவதற்குள் குழந்தைவேல் நாயாக அலைந்தான். மதுரைக்கு வந்து, வத்தலக்குண்டில் மலை பஸ் ஏறினார்கள். முன்னால் அக்காவும் தம்பியும், பின் சீட்டில் கித்தேரியும் சுந்தரியும். அந்தப் பிள்ளை அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வளைவுகள் தொடங்கியதும் வாந்தி எடுத்தது. கித்தேரி வாயைத் துடைத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, மடியில் சாய்த்துக்கொண்டாள். குளிர் ஏற ஏறப் பிள்ளை அவளுக்குள்ளே ஒடுங்கியது.

"அத்தே, நாங்க போற எடத்துல கடலு இருக்கா?"

"இல்லடா கண்ணு. அங்க கடலே கெடையாது."

பிள்ளை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. "மூக்கம்மா பெரியம்மா முங்கிட்டாங்க அத்தே. நான் அம்மா தலை மேல இருந்தேன், பாத்தேன். 'இராசாத்தி, ஆழம், ஆழம்'னு கத்துனாங்க. அம்மாவும் பாத்துச்சு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னிச்சு. ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமாம்."

முன் சீட்டில் குழந்தைவேல் அலுத்துத் தூங்கிப் போயிருந்தான். இராசாத்தி தூங்கவில்லை. அவள் திரும்பாமல், கையை மட்டும் சீட்டுக்குப் பின்னால் நீட்டிப் பிள்ளையின் வாயைத் தேடினாள். அந்தக் கையில் கித்தேரியின் முகம் தட்டுப்பட்டது, ஈரமாக. கை அங்கேயே நின்றது.

"அது சின்னப்புள்ள. கனவு கண்டிருக்கும்" என்றாள் இராசாத்தி.

"மதினி, அவுங்க என் பேச்சை நம்பித்தானே நடந்தாங்க?"

 பஸ் ஒரு வளைவில் ஏற முடியாமல் முக்கி, பின்னால் வந்து, மறுபடி ஏறியது. ஜன்னல் முழுக்க மேகம்.

"மூக்கம்மாக்கா புள்ளைங்க பேரு என்னா மதினி?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லுங்க."

"பெரியவன் காசிநாதன்" என்று இராசாத்தி கடைசியில் சொன்னாள். "கையைப் புடிச்சுக்கிட்டு நடந்தான். சின்னவன் அவ தோளு மேல இருந்தான். அவனுக்கு இன்னும் பேரு வைக்கல. இந்தியா போய் வச்சுக்கலாம்னு சொன்னா."